அமெரிக்கக் குடியரசின் முதல் அறுபது ஆண்டுகள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1783-க்கும் 1848-க்கும் இடைப்பட்ட அமெரிக்க வரலாற்றைப் படிப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து முளைக்கின்றன. இன்றைய வல்லரசை மனதில் வைத்துக்கொண்டு அன்றைய குடியரசைப் பார்க்கிறோம். அட்லாண்டிக் கரையோரம் இருந்த 13 மாநிலங்கள் பசிபிக் கடல் வரை பரவியது தானாக நடந்ததுபோல் தோன்றிவிடுகிறது. உண்மையில் அந்தக் குடியரசு ஏழ்மையானது, தனக்குள் பிளவுபட்டிருந்தது. பலமுறை தோற்றும் இருக்கிறது.

முதலில் 1776. அந்த ஆண்டில் சுதந்திரம் கிடைத்தது, உடனே ஜார்ஜ் வாஷிங்டன் குடியரசுத் தலைவரானார் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். 1776-இல் வெளியானது பிரகடனம் மட்டுமே. பிரிட்டன் சுதந்திரத்தை ஏற்றுக் கையெழுத்திட்டது 1783-இல். வாஷிங்டன் பதவியேற்றது 1789 ஏப்ரல் 30. இடைப்பட்ட ஆண்டுகளில் இருந்த கூட்டமைப்பு அரசுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது, மாநிலங்களிடம் பணம் கேட்கத்தான் முடியும். 1784 ஜூனில் படையைக் கலைத்தபோது நாடாளுமன்றமான காங்கிரஸ் வைத்துக்கொண்டது 80 சிப்பாய்களை. பிட் கோட்டையில் 25 பேர், வெஸ்ட் பாயிண்டில் 55 பேர், கிடங்குகளைக் காவல் காக்க. அவ்வளவுதான் நாட்டின் ராணுவம். 1786-இல் மாசசூசெட்ஸில் கடனில் மூழ்கிய விவசாயிகள் டேனியல் ஷேஸ் தலைமையில் கிளர்ந்தபோது, அதை அடக்கிய படைக்குப் பாஸ்டன் வணிகர்கள்தான் பணம் போட்டார்கள். 1787-இல் பிலடெல்பியாவில் கூடி அரசியலமைப்பை எழுதியவர்களின் மனதில் அரசு இவ்வளவு பலவீனமாக இருக்கிறதே என்ற பயமும் இருந்தது, நிரந்தர ராணுவம் மக்கள் மீதே பாயுமோ என்ற பயமும் இருந்தது. ராணுவத்துக்கு ஒரே தடவையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பணம் ஒதுக்கக் கூடாது என்ற விதி வந்தது இப்படித்தான்.

அடுத்த தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. பூர்வகுடிகளைக் காட்டையும் ஆற்றையும் போல நிலக்காட்சியின் ஒரு பகுதியாகப் பார்ப்பது. அவர்களுக்கு அரசியல் இருந்தது, கூட்டணிகள் இருந்தன, திறமையான தளபதிகள் இருந்தார்கள். 1791 நவம்பர் 4 அன்று என்ன நடந்தது என்று பாருங்கள். இன்றைய ஒஹாயோவில், வாபாஷ் ஆற்றின் கரையில் ஜெனரல் ஆர்தர் செயின்ட் கிளேர் முகாமிட்டிருந்தார். அவர் கீல்வாதத்தால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். ஒப்பந்தக்காரர்கள் ஒழுங்காக உணவு அனுப்பவில்லை. ஓடிப்போன மிலிஷியாக்காரர்கள் (மாநிலங்களின் பகுதிநேரப் படையினர்) உணவு வண்டிகளைக் கொள்ளையடித்துவிடாமல் இருக்க, தன்னிடமிருந்த பயிற்சி பெற்ற படைப்பிரிவையே திருப்பி அனுப்பியிருந்தார். விடியற்காலையில் மயாமி தலைவர் லிட்டில் டர்ட்டிலும் ஷானி தலைவர் புளூ ஜாக்கெட்டும் நடத்திய கூட்டணிப் படை மூன்று பக்கமும் சூழ்ந்துகொண்டது. சில மணி நேரத்தில் 600-க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள். பூர்வகுடிகளிடம் அமெரிக்க ராணுவம் அடைந்த மிகப் பெரிய தோல்வி இதுதான். ஆனால் பல சுருக்க வரலாறுகளில் இதற்கு ஒரு வரி கூடக் கிடைப்பதில்லை.

இந்தத் தோல்வியின் அரசியல் விளைவு இன்றுவரை நீள்கிறது. நிர்வாகத்தைப் பற்றிக் காங்கிரஸ் நடத்திய முதல் விசாரணை இதற்காகத்தான், 1792-இல். அதே ஆண்டு அந்தோனி வெய்ன் தலைமையில் ஒரு புதிய படையைத் திரட்டிப் பொறுமையாகப் பயிற்சி கொடுத்தார்கள். 1794 ஆகஸ்டில் ஃபாலன் டிம்பர்ஸில் அந்தப் படை வென்றது. தோற்றுப் பின்வாங்கிய பூர்வகுடி வீரர்கள் பக்கத்திலிருந்த பிரிட்டிஷ் கோட்டைக்கு ஓடினார்கள், நட்பாக இருந்த அந்தக் கோட்டை கதவைத் திறக்கவில்லை. மறு ஆண்டு கிரீன்வில் ஒப்பந்தத்தில் இன்றைய ஒஹாயோவின் பெரும்பகுதி கைமாறியது.

சரி, லூசியானா. 1803-இல் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் நெப்போலியனிடம் 1.5 கோடி டாலருக்கு ஏறத்தாழ 8.28 லட்சம் சதுர மைல் வாங்கினார் என்பது தேர்வுக்கு எழுதும் பதில். வாங்கப் போனது நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தையும் அதைச் சுற்றிய பகுதியையும்தான், முழுப் பரப்பையும் விற்கிறோம் என்று முன்வந்தது பிரான்ஸ். ஏன் விற்றது? பிரான்ஸின் காலனியாக இருந்த ஹெய்தியில் அடிமைத்தளையை உடைத்த கறுப்பின மக்கள், நெப்போலியன் அனுப்பிய படையை முறியடித்துவிட்டார்கள். மஞ்சள் காய்ச்சலும் சேர்ந்து அந்தப் படையைத் தின்றுவிட்டது. கரும்புத் தீவு கைவிட்டுப் போன பிறகு லூசியானா நெப்போலியனுக்குப் பயன்படவில்லை, பிரிட்டனுடன் மறுபடி போர் வேறு வரவிருந்தது. அமெரிக்கா இரு மடங்கானதற்கு ஹெய்தி மக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஹெய்தியை அமெரிக்கா ஒரு நாடாக அங்கீகரித்தது 1862-இல்தான்! இன்னொன்று, அந்தப் பரப்பின் பெரும்பகுதியில் பிரான்ஸின் ஆட்சியே நடந்ததில்லை. அங்கே வாழ்ந்த மக்களிடமிருந்து நிலத்தைப் பறித்தது பின்னர் வந்த ஒப்பந்தங்களும் போர்களும்தான்.

பிரிட்டனுடன் நடந்த 1812 போருக்கு வருவோம். நியூ ஆர்லியன்ஸ் சண்டை போர் முடிந்த பிறகு நடந்தது, அதனால் வீண் என்று பலரும் எழுதுகிறார்கள். இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கென்ட் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது 1814 டிசம்பர் 24, சண்டை நடந்தது 1815 ஜனவரி 8. தேதிகள் சரிதான். ஆனால் இரு தரப்பும் அங்கீகரித்த பிறகே சண்டை நிற்கும் என்று அந்த ஒப்பந்தமே சொல்கிறது. செனட் அங்கீகரித்தது பிப்ரவரி 16 அன்று. அதற்குச் சில நாட்களுக்கு முன்புகூட தெற்குக் கரையோர மொபீலுக்கு அருகே ஒரு கோட்டையைப் பிரிட்டிஷார் பிடித்தார்கள். ஆக, சட்டப்படியும் களத்திலும் போர் நடந்துகொண்டுதான் இருந்தது.

யார் வென்றது என்ற சர்ச்சையும் பாதிக் கதையோடு நின்றுவிடுகிறது. பிரிட்டனும் அமெரிக்காவும் பழைய எல்லைக்கே திரும்பின. இழந்தவர்கள் பூர்வகுடிகள். பூர்வகுடிகளின் கூட்டமைப்பு ஒன்றைக் கட்டியெழுப்பிய ஷானி தலைவர் டெகும்சே 1813-இல் களத்தில் இறந்தார். 1814 ஆகஸ்டில் கிரீக் மக்களிடமிருந்து தளபதி ஆண்ட்ரூ ஜாக்சன் எழுதி வாங்கிய நிலம் ஏறத்தாழ 2.3 கோடி ஏக்கர். அதில் அவருடன் சேர்ந்து போரிட்ட கிரீக் மக்களின் நிலமும் இருந்தது.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தப் போரில் பால்டிமோர் கோட்டை மீது பிரிட்டிஷார் ஏவிய ராக்கெட்டுகள்தான் அமெரிக்க தேசிய கீதத்தில் வருகின்றன. அவற்றை வில்லியம் காங்கிரீவ் உருவாக்கியது மைசூர் ராக்கெட்டுகளைப் பார்த்து. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது திப்புவின் ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயிருந்தன.

பூர்வகுடிகளை அவர்கள் நிலத்திலிருந்து வெளியேற்றியதற்கு, பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜாக்சன் ஒருவர் மீதே எல்லாப் பழியையும் போடுவது இன்னொரு தவறு. அவர் குற்றம் பெரியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் 1830-இன் வெளியேற்றச் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 102-க்கு 97 என்ற கணக்கில் நிறைவேறியது. ஆதரித்த 102 பேருக்கும் பொறுப்பு உண்டு. எதிர்த்த 97 பேர் இருந்ததால், அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் என்ற சமாதானமும் நிற்காது. 1838-இல் செரோக்கி மக்களை வீட்டைவிட்டு ராணுவம் விரட்டியபோது பதவியில் இருந்தவர் மார்ட்டின் வான் பியூரன். செரோக்கி மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி மார்ஷலே அதை அமல்படுத்தட்டும் என்று ஜாக்சன் சவால் விட்டதாகச் சொல்லப்படும் வாசகத்துக்கும் நம்பகமான ஆதாரம் இல்லை, மேற்கோள் காட்டாதீர்கள். கட்சிப் பெயர்களிலும் கவனம் தேவை. ஜெஃபர்சன் கட்சியினரைக் குடியரசுக் கட்சியினர் என்று அழைத்தார்கள், இன்றைய குடியரசுக் கட்சி 1854-இல் பிறந்தது.

கடைசியாக, அரசியலைத் தனியாகவும் போரைத் தனியாகவும் படிப்பது. மெக்சிகோ போரை அப்படிப் படித்தால் ஒன்றும் விளங்காது. குடியரசுத் தலைவர் போல்க், இரு நாடுகளும் உரிமை கோரிய நிலத்துக்குள் ஜெனரல் டெய்லரின் படையை அனுப்பினார். 1846 ஏப்ரலில் மோதல் வெடித்ததும் காங்கிரஸிடம் போர் அறிவிப்பு கேட்டார். சில மாதங்களுக்குள், பிடிக்கப்போகும் நிலத்தில் அடிமைமுறை கூடாது என்று சபை உறுப்பினர் டேவிட் வில்மட் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பிரதிநிதிகள் சபையில் அது கட்சிவாரியாக இல்லாமல் வடக்கு, தெற்கு என்று பிரிந்து நிறைவேறியது. செனட்டைத் தாண்டவில்லை. போல்க்குக்கு இன்னொரு தலைவலி, களத்தில் வென்றுகொண்டிருந்த தளபதிகள் டெய்லர், ஸ்காட் இருவருமே எதிர்க்கட்சியான விக் கட்சியின் பக்கம். 1848 ஜனவரியில் விக் கட்சியினர், இந்தப் போரைக் குடியரசுத் தலைவர் தேவையில்லாமலும் அரசியலமைப்புக்கு விரோதமாகவும் தொடங்கினார் என்று 85-க்கு 81 வாக்கில் தீர்மானம் போட்டார்கள். அதே ஆண்டு, அந்தப் போரின் நாயகனான டெய்லரையே வேட்பாளராக நிறுத்தி வென்றார்கள்.