அட்ரஸபிள் தீ எச்சரிக்கை பேனல்: முகவரி இடுவது முதல் விரிவாக்கம் வரை

கன்வென்ஷனல் பேனலில் வேலை பார்த்துப் பழகி, முதன்முறையாக அட்ரஸபிள் பேனலைக் கையில் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புகையையோ வெப்பத்தையோ உணரும் டிடெக்டரை எங்கே பொருத்துவது, கேபிளை எப்படி இழுப்பது என்பவை தெரிந்தவைதாம் என்று கருதி அவற்றை விட்டுவிடுகிறேன். பழைய முறையில் ஒரு மண்டலம் முழுவதற்கும் ஒரே விளக்குதான் எரியும். இங்கோ ஒவ்வொரு டிடெக்டரும், தீயைக் கண்டவர் கையால் அழுத்தும் கால் பாயிண்ட்டும் தனக்கென ஓர் எண்ணைக் கொண்டு, ஒரே ஜோடிக் கம்பியில் மின்சாரத்தையும் தகவலையும் பெற்று, பேனல் கேட்கும்போதெல்லாம் பதில் சொல்கின்றன.

முதல் படி: லூப்பின் கொள்ளளவு

கருவிகளை இணைக்கும் அந்த ஜோடிக் கம்பிச் சுற்றுதான் லூப். ஒரு லூப்பில் எத்தனை கருவிகள் அடங்கும் என்பதைப் பேனலும் கருவிகளும் பேசிக்கொள்ளும் மொழியான புரோட்டோகால் தீர்மானிக்கிறது. அப்போலோ எக்ஸ்பி95, டிஸ்கவரி வகைகளில் ஒரு லூப்புக்கு 126 முகவரிகள். நோட்டிஃபயரின் ஃபிளாஷ்ஸ்கேன் முறையில் 159 டிடெக்டர்களும் 159 மாட்யூல்களும் (மற்றக் கருவிகளை லூப்பில் இணைப்பவை). ஒரு புரோட்டோகாலின் டிடெக்டர் மற்றொன்றின் பேனலுடன் பேசாது என்பதால், விலை குறைவு என்று வேறு வகையைப் பிறகு வாங்கிச் சேர்க்க வழியில்லை. லூப்பை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது என்பது என் கருத்து. கட்டடத்தில் தடுப்புச் சுவர்கள் எழும்போதெல்லாம் டிடெக்டர்களின் எண்ணிக்கையும் கூடும்.

இரண்டாம் படி: முகவரி இடுதல்

பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். எனக்கும் இங்கேதான் அதிக நேரம் பிடித்தது. சில கருவிகளில் பத்துகளுக்கும் ஒன்றுகளுக்கும் தனித்தனிச் சுழல் சுவிட்சுகள் இருக்கும். திருகாணி முடுக்கியால் திருப்பினால் போதும். டிப் சுவிட்ச் உள்ள கருவிகளில் ஏழு நெம்புகள் முறையே 1, 2, 4, 8, 16, 32, 64 என்ற மதிப்புகளைக் குறிக்கும். 37 என்ற முகவரிக்கு 32, 4, 1 ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், சில தயாரிப்புகளில் நெம்பு ‘ஆன்’ பக்கம் இருந்தால் அதன் மதிப்பு கணக்கில் சேரும். வேறு சிலவற்றில் ‘ஆன்’ என்றாலே பூஜ்யம். தலைகீழாக வைத்துவிட்டால் 37 என நினைத்த கருவி 90 ஆகிவிடும். பேனல் 37ஐக் காணவில்லை என்றும், பட்டியலில் இல்லாத 90 வந்திருக்கிறது என்றும் ஒருசேரச் சொல்லும். அந்த இரண்டு எண்களையும் கூட்டிப் பாருங்கள். 127 வந்தால் கம்பியைச் சோதிக்க ஏணி ஏற வேண்டாம், சுவிட்சைத் திருப்பினால் சரியாகும். 90ஆம் எண்ணில் ஏற்கெனவே ஒரு கருவி இருந்தால், பேனல் இரட்டை முகவரி என்று கோளாறு காட்டும். அப்போது அந்த முகவரியின் எல்இடியை ஒளிரச் செய்யும் கட்டளையைக் கொடுத்துவிட்டுத் தளத்தைச் சுற்றி வந்தால், இரண்டு இடங்களில் விளக்கு எரிவதைக் காணலாம்.

மூன்றாம் படி: லூப்பை மூடுதல்

கேபிள் பேனலிலிருந்து கிளம்பி, எல்லாக் கருவிகளையும் தொட்டு, பேனலுக்கே திரும்ப வேண்டும். ஓரிடத்தில் அறுந்தாலும் இரு முனைகளிலிருந்தும் தொடர்பு நீடிக்கும்; ஆனால் ஷார்ட் ஏற்பட்டால், பழுதான பகுதியைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் இல்லாத லூப் முழுவதும் செயலிழக்கும். ஒரே பழுதால் 32க்கு மேற்பட்ட டிடெக்டர்களும் கால் பாயிண்ட்டுகளும் செயலிழக்கக்கூடாது என்கிறது ஈ.என். 54-2 என்ற ஐரோப்பியத் தரநிலை. நானோ தளத்துக்குத் தளம் ஐசொலேட்டர் வைப்பதையே விரும்புகிறேன். கருவிகளைப் பொருத்திய பிறகு மெகரைக் கொண்டு இன்சுலேஷன் சோதிக்காதீர்கள். அதன் 500 வோல்ட் எலக்ட்ரானிக் பாகங்களைக் கெடுத்துவிடும்.

நான்காம் படி: ஆட்டோ லேர்ன்

மின்சாரம் கொடுத்து ஆட்டோ லேர்னை இயக்கினால், எந்த எண்ணில் எந்த வகைக் கருவி இருக்கிறது என்பதைப் பேனல் தானே அறிந்துகொள்ளும். அதை உங்கள் பட்டியலோடு ஒப்பிட்ட பின்பே இடப்பெயர்களை இடுங்கள். பேனலின் பொத்தான்களில் எழுத்தெழுத்தாகத் தட்டுவதைவிட மடிக்கணினி மென்பொருளே மேல். கட்டடத்தை முன்பின் அறியாத தீயணைப்பு வீரருக்கும் விளங்கும்படி, வெறும் அறை எண்ணோடு நிறுத்தாமல், ‘2ஆம் தளம், கிழக்குப் படிக்கட்டு அருகில்’ என்று எழுதுவது நல்லது.

முன்னெச்சரிக்கை நிலை, பகல்-இரவு உணர்திறன் ஆகியவற்றைப் பின்னர் அமைத்துக்கொள்ளலாம். டிரிஃப்ட் காம்பன்சேஷன் மட்டும் தொடக்கத்திலிருந்தே இயங்கட்டும். உள்ளே தூசி படியப் படிய எச்சரிக்கை எல்லையை அதற்கேற்ப நகர்த்தி, இனி நகர்த்த இயலாது என்ற நிலையில் டிடெக்டரைச் சுத்தம் செய்யும்படி அது அறிவிக்கும்.

ஐந்தாம் படி: விரிவாக்கம்

புதிய லூப்புக்கான லூப் கார்டு, பேனல் காட்டுவதை வேறிடத்திலும் காட்டும் ரிப்பீட்டர் பேனல், பல பேனல்களை இணைக்கும் நெட்வொர்க் கார்டு, கட்டட மேலாண்மைக்கான மாட்பஸ் அல்லது பேக்நெட் கேட்வே, லிஃப்ட்டையும் ஏசியையும் கட்டுப்படுத்தும் ரிலே மாட்யூல் எனப் பல வழிகள் உண்டு. பழைய கன்வென்ஷனல் டிடெக்டர்களைக் கழற்றாமலே, அவற்றுடன் ஒத்துப்போகும் ஜோன் மாட்யூல் வழியாக லூப்பில் சேர்க்கவும் முடியும்.

எதைச் சேர்த்தாலும் பேட்டரிக் கணக்கை மறுபடி போட வேண்டும். சாதாரண நிலையில் 0.25 ஆம்பியர், எச்சரிக்கையின்போது 1.5 ஆம்பியர் என்று கொள்வோம். அமெரிக்கத் தரநிலையான என்.எஃப்.பி.ஏ. 72 கேட்பதுபோல் 24 மணி நேரக் காத்திருப்புக்கு 6, அதன் பின் 5 நிமிட ஒலிக்கு 0.125, கூடுதலாக 20 விழுக்காடு சேர்த்தால் 7.35 ஆம்பியர்-மணி. ஆக, 7 ஆம்பியர்-மணி பேட்டரி போதாது, 12 வேண்டும். இரண்டாவது லூப் வந்து மின்னோட்டம் 0.4, 2.5 என உயர்ந்தால், தேவை 11.8ஐத் தொடுகிறது. தாளில் 12 போதும். நான் 18 போடுவேன், அதைச் சார்ஜர் தாங்குமா என்று கையேட்டில் பார்த்த பிறகு. தொடராக இணைத்த இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளில் வோல்ட் மட்டுமே 24 ஆகிறது, ஆம்பியர்-மணி கூடுவதில்லை.

பின்சேர்க்கை: லூப் கார்டு சேர்த்து மீண்டும் ஆட்டோ லேர்ன் இயக்கியதும் பழைய இடப்பெயர்கள் அழிந்துவிட்டதாக வாசகர்கள் எழுதியிருந்தார்கள். சில பேனல்கள் அப்படித்தான் செய்யும். கார்டைச் செருகுமுன் அமைப்புக் கோப்பை மடிக்கணினியில் சேமித்துவிட்டு, புதிய லூப்புக்கு மட்டும் ஆட்டோ லேர்ன் இயக்குங்கள். அந்தத் தேர்வு உங்கள் பேனலில் இல்லையென்றால் புதிய கருவிகளை மென்பொருளில் கைப்படச் சேர்ப்பதே பாதுகாப்பானது.