சாலிட்வொர்க்ஸ் வரைபடத்தில் தோற்றத்தை க்ராப் செய்யும் முறை

சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில், சாய்ந்த முகம் கொண்ட ஒரு பாகத்தை வரையும்போதுதான் க்ராப் வியூவின் அருமை புரியும். 120 மி.மீ. நீளமும் 80 மி.மீ. அகலமும் உள்ள அடித்தட்டிலிருந்து 30 பாகை சாய்வில் எழும் ஒரு ஃபிளேஞ்சை (வேறொரு பாகத்தோடு போல்ட்டால் இணைக்க உதவும் தட்டையான பகுதி) எடுத்துக்கொள்வோம். அதில் 60 மி.மீ. பிட்ச் வட்டத்தின் (துளைகளின் மையங்கள் அமையும் வட்டம்) மேல் 9 மி.மீ. விட்டமுள்ள 4 துளைகள் இருக்கின்றன. முன்தோற்றத்தில் ஃபிளேஞ்சின் முகம் வெறும் ஒரு கோடாகவே தெரியும். மேல்தோற்றத்தில் துளைகள் நீள்வட்டங்களாகிவிடும். முன்தோற்றத்தில் அந்தச் சாய்ந்த விளிம்பைத் தேர்ந்தெடுத்து ஆக்ஸிலரி வியூ (சாய்ந்த முகத்தை நேராகப் பார்க்கும் துணைத் தோற்றம்) எடுத்தால் துளைகள் உண்மையான வட்டங்களாகக் கிடைக்கும். ஆனால் அடித்தட்டும் சுருங்கிய உருவில் கூடவே வந்துவிடும். அந்தப் பகுதியில் சுருங்கித் தெரியும் திசையில் உண்மையான அளவை எடுக்க முடியாது. படிப்பவரை அது குழப்பவே செய்யும். அதை மறைத்து, ஃபிளேஞ்சை மட்டும் தாளில் நிறுத்துவதுதான் க்ராப். தமிழில் வெட்டுத்தோற்றம் என்றால், பாகத்தை வெட்டி உட்புறத்தைக் காட்டும் செக்‌ஷன் வியூவைக் குறிக்கும் என்பதால், இங்கே க்ராப் என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன்.

முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, க்ராப் செய்வதால் புதிய தோற்றம் எதுவும் உருவாவதில்லை என்பது. இருக்கும் தோற்றத்தின் மீது ஓர் எல்லை போடப்படுகிறது; எல்லைக்கு உள்ளே இருப்பது தெரியும், வெளியே இருப்பது மறையும். பாகத்தின் மாடலிலும் அளவுவிகிதத்திலும் எந்த மாற்றமும் வராது. டீட்டெய்ல் வியூ இதிலிருந்து வேறுபட்டது: மூலத் தோற்றம் அப்படியே இருக்க, அதன் ஒரு பகுதி பெரிதாக்கப்பட்டுத் தனித் தோற்றமாக வரும். நுணுக்கமான பகுதியைப் பெரிதாக்க வேண்டுமானால் டீட்டெய்ல் வியூவும், நீண்ட தண்டின் நடுப்பகுதியைச் சுருக்க வேண்டுமானால் பிரேக் வியூவும், தேவையற்ற பகுதியை நீக்கிக் காட்ட வேண்டுமானால் க்ராப்பும் பொருந்தும்.

இனி செய்முறைக்கு வருவோம். ஆக்ஸிலரி வியூவைத் தாளில் வைத்த பிறகு, அதன் மீது வலது கிளிக் செய்து 'லாக் வியூ ஃபோகஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதிதாகக் கற்பவர்களில் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஃபோகஸ் இல்லாமல் வரைந்த ஸ்கெட்ச், தோற்றத்துக்கு உரியதாக இல்லாமல் தாளுக்கு உரியதாகிவிடும். பார்வைக்கு அது தோற்றத்தின் மேலேயே கிடந்தாலும் க்ராப் வேலை செய்யாது. சந்தேகம் வந்தால் தோற்றத்தைச் சற்று இழுத்துப் பாருங்கள். ஸ்கெட்ச்சும் கூடவே நகர்ந்தால் அது தோற்றத்தைச் சேர்ந்தது. இருந்த இடத்திலேயே நின்றால் அழித்துவிட்டு மறுபடி வரையுங்கள்.

அடுத்து, ஃபிளேஞ்சைச் சுற்றி மூடிய உருவம் ஒன்றை வரைய வேண்டும். வட்டம், செவ்வகம், ஸ்ப்லைன் (புள்ளிகளின் வழியே செல்லும் வளைகோடு) எதுவானாலும் மென்பொருள் ஏற்கும். இருந்தாலும் ஸ்ப்லைனையே நான் விரும்புகிறேன். ஒரு பகுதியை மட்டும் காட்டும் தோற்றத்தின் எல்லையைக் கையால் வரைந்தது போன்ற மெல்லிய தொடர்கோட்டாலோ, இடையிடையே நெளிவுள்ள மெல்லிய நேர்கோட்டாலோ காட்டுவதுதான் பொறியியல் வரைபட மரபு. வட்டத்தை எல்லையாக வைத்தால் அதைப் பாகத்தின் விளிம்பு என்று எண்ணிவிட இடமுண்டு. ஸ்ப்லைனை வரைந்து முடிக்கும்போது தொடங்கிய புள்ளியின் மீதே கடைசிக் கிளிக் விழ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சிறு இடைவெளி இருந்தாலும் உருவம் மூடியதாகாது.

மூடிய உருவம் தேர்வில் இருக்கும்போதே கருவிப்பட்டையில் 'க்ராப் வியூ' பொத்தானை அழுத்துங்கள். எல்லைக்கு வெளியே உள்ளவை மறைந்துவிடும். எல்லைக்கோடு தடித்துத் தெரிந்தால் அதன் தடிமனை மெல்லியதாக மாற்றிவிடுங்கள். எல்லையைத் திருத்த, தோற்றத்தின் மீது வலது கிளிக் செய்து க்ராப் வியூவின் கீழ் 'எடிட் க்ராப்' என்பதைத் தேர்ந்து, உருவத்தை மாற்றி, ரீபில்ட் செய்ய (மாற்றத்தை வரைபடத்தில் புதுப்பிக்க) வேண்டும். 'ரிமூவ் க்ராப்' கொடுத்தால் முழுத் தோற்றமும் திரும்பிவிடும்.

மூன்று வகைத் தோற்றங்களை க்ராப் செய்ய முடியாது: டீட்டெய்ல் வியூ, டீட்டெய்ல் வியூ ஒன்றுக்கு மூலமாக இருக்கும் தோற்றம், எக்ஸ்ப்ளோடட் வியூ (பாகங்களைப் பிரித்து விலக்கிக் காட்டும் தோற்றம்). இரண்டாவதுதான் அடிக்கடி காலைவாரும். ஆனால் செக்‌ஷன் வியூவைத் தாராளமாக க்ராப் செய்யலாம். செக்‌ஷன் எடுத்து, அதிலிருந்து டீட்டெய்ல் எடுத்து, பிறகு செக்‌ஷனை மறைப்பதைவிட நேராக செக்‌ஷனையே க்ராப் செய்தால் வேலையும் குறையும், தாளும் தெளிவாக இருக்கும்.

எல்லையை எங்கே போடுவது என்பதில்தான் வரைபவரின் பொறுப்பு இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே போன்ற ஒரு ஃபிளேஞ்சை க்ராப் செய்தபோது, தாளில் இடம் போதவில்லை என்று எல்லையை இறுக்கிப் போட்டேன். நான்காவது துளை வெளியே போய்விட்டது. துளைகளின் எண்ணிக்கையையும் குறிப்பாக எழுதவில்லை. பட்டறையில் இருந்தவர் வரைபடத்தில் கண்டபடி 3 துளைகளைப் போட்டார். தவறு முழுவதும் என்னுடையது. அன்றிலிருந்து அளவு கொடுக்கப்போகும் ஒவ்வொரு துளையும், அதன் மையக்குறியும், பிட்ச் வட்டமும் எல்லைக்குள் முழுமையாக வந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அளவுகளை எழுதுகிறேன். க்ராப் செய்வதற்கு முன்பே அளவுகளை எழுதிவிடுவது நல்லதல்ல. மறையும் விளிம்போடு இணைந்த அளவுகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். துளை அளவோடு '4 இடங்கள்' என்ற குறிப்பையும் தவறாமல் சேருங்கள்.

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வேலை செய்பவர்கள் இதே பயனை லேஅவுட்டில் (அச்சிடும் தாளின் அமைப்பு) உள்ள வியூபோர்ட்டின் (மாடலைக் காட்டும் சாளரம்) வழியாகப் பெறலாம். பேப்பர் ஸ்பேஸில், அதாவது அந்தத் தாளின் தளத்தில் இருந்தபடி, மூடிய பாலிலைன் (தொடர்ச்சியாக இணைந்த கோடுகள்) ஒன்றை வரைந்து, 'விபிக்ளிப்' கட்டளையைக் கொடுத்து, முதலில் வியூபோர்ட்டையும் பிறகு பாலிலைனையும் தேர்ந்தெடுத்தால் போதும். முடிந்ததும் வியூபோர்ட்டைப் பூட்டிவிடுங்கள்; இல்லாவிட்டால் அதற்குள் சென்று மவுஸ் சக்கரத்தை ஒருமுறை உருட்டினாலே அளவுவிகிதம் மாறிவிடும்.