விக்டோரியா காலத்து லண்டன் பாரிஷ் ஒன்றின் இறப்புப் பதிவுகள்: படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1854 செப்டம்பர் 2 அன்று, லண்டனின் சோஹோ பகுதியில், பிராட் தெரு 40ஆம் எண் வீட்டில் ஐந்து மாதப் பெண் குழந்தை ஒன்று இறந்தது. நான்கு நாட்களுக்கு முன் கண்ட வயிற்றுப்போக்கைத் தொடர்ந்து வந்த சோர்வே காரணம் என்று பதிவாளரின் புத்தகத்தில் எழுதப்பட்டது. அந்த வரியில் காலரா என்ற சொல் இல்லை. அதே நாட்களில் அதே தெருவைச் சுற்றி நூற்றுக்கணக்கானோர் காலராவால் மடிந்துகொண்டிருந்தார்கள். காலரா என்று எழுதிய வரிகளை மட்டும் பொறுக்கி எண்ணியவர்களின் கணக்கில் இந்தக் குழந்தை சேரவே இல்லை. மாதங்கள் பல கடந்து, பெர்விக் தெருவில் இருந்த செயின்ட் லூக் ஆலயத்தின் உதவிக் குருவான ஹென்றி வைட்ஹெட் பதிவுகளைப் புரட்டும்போது அந்த வரி அவர் கண்ணில் பட்டது. அந்த வீட்டின் கழிவுக்குழிக்கும் தெருவுக்கே தண்ணீர் தந்த அடிபம்பின் கிணற்றுக்கும் இடையே மூன்று அடிகூட இல்லை என்பது பிறகு தோண்டிப் பார்த்தபோது தெரிந்தது. குழந்தையின் துணிகளை அலசிய நீர் போய்ச் சேர்ந்தது அந்தக் குழியில்தான்.

பிராட் தெரு அமைந்திருந்த வெஸ்ட்மின்ஸ்டர் செயின்ட் ஜேம்ஸ் பாரிஷைப் (ஓர் ஆலயத்தின் கீழ் வரும் வட்டாரத்தைப்) பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அந்த அடிபம்பின் தண்ணீரே காலராவைப் பரப்பியது என்று காட்டிய மருத்துவர் ஜான் ஸ்னோவின் ஆய்வு மருத்துவ மாணவர்கள் எல்லோரும் அறிந்தது. ஆனால் அந்த ஆய்வுக்கு அடிப்படையாக இருந்த பதிவுகளை நேரடியாகப் படிக்க முற்படுகிறவர்கள், ஆராய்ச்சி மாணவர்களாயினும் குடும்ப வரலாறு தேடுபவர்களாயினும், திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் தடுக்கி விழுகிறார்கள்.

அவற்றுள் பெரியது, பதிவேட்டில் இருக்கும் நோய்ப் பெயரை இன்றைய நோயின் பெயராகவே எடுத்துக்கொள்வது. அன்றைய இங்கிலாந்தில் காலரா என்ற ஒரே சொல் இரண்டு வேறு நோய்களைக் குறித்தது. கோடைதோறும் வந்துபோகும் கடும் வயிற்றுப்போக்கை ஆங்கிலக் காலரா என்றார்கள்; 1831 முதல் அலையலையாக வந்த கொள்ளைநோயை ஆசியக் காலரா என்றார்கள். எழுதுபவர் அடைமொழியை விட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். நம் வழக்கில் உள்ள வாந்திபேதி என்ற சொல்லும் இப்படித்தான் அறிகுறியைச் சொல்லுமே தவிர, கிருமியைச் சொல்லாது. ஆகவே கொள்ளைநோய் இல்லாத ஆண்டின் ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு மூன்று காலரா மரணங்களைக் கண்டவுடன் யாரும் அறியாத ஒரு கொள்ளைநோயைக் கண்டுபிடித்துவிட்டதாக முடிவுகட்டக் கூடாது.

டைபஸ் என்ற சொல் இதைவிடவும் ஏமாற்றும். பேன் வழியாகப் பரவும் டைபஸும், அசுத்த நீரால் பரவும் டைபாய்டும் வெவ்வேறு நோய்கள் என்று மருத்துவர் வில்லியம் ஜென்னர் 1850ஆம் ஆண்டை ஒட்டி நிறுவினார். தலைமைப் பதிவாளரின் ஆண்டு அட்டவணைகளில் அவை தனித்தனியாகப் பிரிக்கப்பட்டதோ 1869 முதல்தான். அதற்கு முன் டைபஸ் என்ற தலைப்பின் கீழ் இருக்கும் எண்ணைக் கொண்டு, அந்த பாரிஷில் இத்தனை பேர் பேனால் பரவிய காய்ச்சலில் இறந்தார்கள் என்று எழுதுவது பிழை. 1869ஐ ஒட்டி டைபஸ் மளமளவென்று குறைந்ததாக வரைபடம் போடுவதும் பிழையே, ஏனென்றால் அந்தச் சரிவில் ஒரு பகுதி அட்டவணையின் தலைப்பு மாறியதால் வந்தது. தொண்டை அடைப்பானும் (டிப்தீரியா) இப்படித்தான் 1850களின் பிற்பாதி வரை செங்காய்ச்சலோடு (ஸ்கார்லட் காய்ச்சல்) கலந்து கிடந்தது.

குழந்தைகளின் மரணங்களில் இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போகிறது. வலிப்பு, பல் முளைத்தல், பலவீனம், உடல் தேய்வு என்ற சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. நம் பாட்டிமார் மாந்தம் என்ற ஒரு சொல்லில் அடக்கியவை எத்தனை நோய்களோ, ஏறக்குறைய அத்தனையும் இவற்றுக்குள்ளும் அடங்கும். வலிப்பு என்பது குழந்தை இறந்த விதம். அதற்குப் பின்னால் இருந்தது வயிற்றுப்போக்கா, மூளைக்காய்ச்சலா, கக்குவானா என்பதை அந்தச் சொல் நமக்குச் சொல்லாது. அந்தச் சொல்லை எழுதியவர் மருத்துவராக இருக்க வேண்டிய கட்டாயமும் அப்போது இல்லை. இங்கிலாந்தில் அரசுப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கினாலும், சிகிச்சை அளித்த மருத்துவர் காரணத்தை எழுதிச் சான்று தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் 1874ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வந்தது. அதுவரை படுக்கையருகே இருந்த அக்காவோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ சொன்னதைப் பதிவாளர் எழுதிக்கொண்ட வரிகளும் ஏராளம். ஆகவே காரணம் எழுதிய கட்டத்தைப் படிக்கும்போதே, தகவல் தந்தவர் யார் என்ற கட்டத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இறந்து பிறந்த குழந்தைகளை இந்த ஏடுகளில் தேடிப் பயனில்லை. அவற்றுக்கான பதிவு அங்கே 1927இல்தான் தொடங்கியது.

ஆலயத்தின் அடக்கப் பதிவேட்டை இறப்புப் பதிவேடாகக் கருதுவது இன்னொரு தவறு. 1813 முதல் அச்சிட்ட படிவத்தில் எழுதப்பட்ட அந்த ஏட்டில் பெயர், வசிப்பிடம், அடக்கம் செய்த நாள், வயது, சடங்கை நடத்திய குருவின் பெயர் ஆகியவற்றுக்கே இடமுண்டு; இறந்த நாளுக்கும் காரணத்துக்கும் கட்டமே கிடையாது. சில குருமார் ஓரத்தில் காலரா என்று குறித்துவைத்தது அவர்களுடைய சொந்த அக்கறை; குறிக்காத பக்கத்தில் காலரா இல்லை என்று அதற்குப் பொருளாகாது. ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேராத பலரும் வேறிடங்களில் புதைக்கப்பட்டார்கள். 1833இல் கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டம் திறக்கப்பட்ட பிறகு வசதியுள்ளவர்கள் நகருக்கு வெளியே போனார்கள். 1852ஆம் ஆண்டின் சட்டத்தை அடுத்து நகரின் உட்பகுதி ஆலய வளாகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1850களின் நடுவில் ஒரு பாரிஷின் அடக்க எண்ணிக்கை திடீரென்று விழுந்தால், சுகாதாரம் மேம்பட்டது என்று மகிழ்வதற்கு முன் அங்கே புதைக்க இடம் இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

இனி, இடம் பற்றிய தவறு. பதிவு என்பது உயிர் பிரிந்த இடத்தைச் சொல்லும், நோய் தொற்றிய இடத்தை அல்ல. பிராட் தெருவிலிருந்து தூக்கிச் செல்லப்பட்ட நோயாளிகள் பலர் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் இறந்தார்கள். அந்த மருத்துவமனை இருந்தது மேரிலபோன் பாரிஷில். செயின்ட் ஜேம்ஸின் ஏட்டை மட்டும் வைத்து எண்ணினால் இவர்கள் எல்லோரும் விடுபட்டுப்போவார்கள்; மேரிலபோன் கணக்கிலோ அங்கே வாழாத மனிதர்கள் வந்து சேர்வார்கள். இதற்கு மிக நுட்பமான சான்று ஹேம்ஸ்டெட்டில் கிடைத்தது. காலரா தலைகாட்டாத அந்த மேட்டுப் பகுதியில் ஒரு விதவைப் பெண்மணி செப்டம்பர் 2 அன்று காலராவால் இறந்தார். முன்பு பிராட் தெருவில் வாழ்ந்த அவருக்கு அந்தப் பம்பின் தண்ணீர் மிகவும் பிடிக்கும் என்பதால், அவருக்காக வண்டியில் தினமும் ஒரு பெரிய குப்பியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது என்பதை ஸ்னோ அவருடைய மகனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். அதே தண்ணீரைக் குடித்துவிட்டு இஸ்லிங்டனுக்குத் திரும்பிய அந்த விதவையின் உறவுப் பெண்ணும் இறந்தார். ஏட்டில் இவை தொடர்பே இல்லாத இரண்டு வட்டாரங்களின் இரண்டு தனி வரிகள்.

பாரிஷ் என்ற சொல்லின் எல்லையும் நிலையானதல்ல. திருச்சபையின் பாரிஷ், ஏழைகள் சட்டத்தின்படி வரி திரட்டிய பாரிஷ், பதிவாளரின் துணை வட்டாரம் ஆகிய மூன்றும் ஒரே நிலப்பரப்பைக் குறிக்காத இடங்கள் நிறைய. தலைமைப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஸ்னோ வாங்கிய பட்டியல் கோல்டன் ஸ்கொயர், பெர்விக் தெரு, செயின்ட் ஆன் சோஹோ என்ற மூன்று துணை வட்டாரங்களுக்கானது. இவற்றில் கடைசியானது செயின்ட் ஜேம்ஸ் பாரிஷைச் சேர்ந்ததே அல்ல.

கூட்டிக் கழித்து விகிதம் காண்பதில் நேரும் பிழைகளுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது இன்றும் அடிக்கடி அச்சில் வருகிறது. சுகாதாரச் சீர்திருத்தத்துக்காகப் பாடுபட்ட எட்வின் சாட்விக் 1842இல் வெளியிட்ட அறிக்கையில் லிவர்பூலில் இறந்தவர்களின் சராசரி வயது மேட்டுக்குடியினருக்கு 35, வணிகர்களுக்கு 22, தொழிலாளர்களுக்கு 15 என்று இருந்தது. இதைப் படித்துவிட்டு, லிவர்பூல் தொழிலாளி பதினைந்து வயதில் செத்துப்போனான் என்று எழுதுகிறார்கள். அன்றைய இங்கிலாந்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 150 முதல் ஆண்டிலேயே இறந்தன. தொழிலாளர் தெருக்களில் நிலைமை இன்னும் மோசம். அந்தப் பிஞ்சு மரணங்கள்தான் சராசரியைப் பதினைந்துக்கு இழுத்தன. குழந்தைகள் மிகுதியாக வாழும் தெருவில், யாருடைய ஆயுளும் குறையாமலே இந்தச் சராசரி குறைந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. தொழிலாளர்களின் துயரம் உண்மையானது. அதைக் காட்ட உயிரோடிருப்பவர்களின் தொகையை வயதுவாரியாக வகுத்தியாகக் கொண்ட விகிதம் வேண்டும்.

கடைசியாகத் தேதி. தலைமைப் பதிவாளரின் வாராந்திர அறிக்கைகள் அந்த வாரத்தில் பதிவான மரணங்களைக் கூட்டியவை, நேர்ந்த மரணங்களை அல்ல. பிரேத விசாரணைக்குப் போன மரணம் பதிவாவதற்கு மேலும் தாமதமாகும். இதைவிட முக்கியம், நோய் கண்ட நாளும் இறந்த நாளும் வேறு என்பது. ஸ்னோவின் அட்டவணையில் மொத்தம் 616 மரணங்கள் உள்ளன. அதன்படி இறந்தவர்களில் மிகுதியானோருக்கு நோய் கண்ட நாள் செப்டம்பர் 1. அன்று 143 பேர். மரணம் உச்சத்தைத் தொட்டது மறுநாள். அன்று 127 பேர். யாரும் தண்ணீர் எடுக்க முடியாதபடி பம்பின் கைப்பிடி கழற்றப்பட்ட செப்டம்பர் 8 அன்று 30 பேர் இறந்தார்கள், ஆனால் அன்று புதிதாக நோய் கண்டவர்கள் 12 பேர் மட்டுமே. மரண வரிசையை மட்டும் பார்ப்பவருக்குக் கைப்பிடியைக் கழற்றியதே நோயை நிறுத்தியதாகத் தோன்றும். நோய் கண்ட வரிசையோ அது ஏற்கெனவே தணிந்துவிட்டதைக் காட்டுகிறது. மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறிவிட்டதால் நோய் அதற்குள் மிகவும் குறைந்திருந்தது என்று ஸ்னோவே ஒப்புக்கொண்டார். தெருக்கள் காலியான பின்னும் 1851 மக்கள்தொகையைக் கொண்டு விகிதம் கணக்கிடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அப்படியானால் கைப்பிடியைக் கழற்றியது வீண் என்ற முடிவுக்கு ஓடுவதும் அவசரமே. பிராட் தெரு 40ஆம் எண் வீட்டில் இறந்த குழந்தையின் தந்தைக்கு நோய் கண்டது அதே செப்டம்பர் 8 அன்று. அவர் செப்டம்பர் 19 அன்று இறந்தார். அந்தப் பதினொரு நாட்களும் அதே கழிவுக்குழி அதே கிணற்றுக்குள் கசிந்துகொண்டுதான் இருந்திருக்கும். மேலே பம்பில் கைப்பிடி இல்லை.