ஃபுட்டி கிளப் ஆரம்பித்தாயிற்று, முதல் சீசனை எப்படி ஓட்டுவது?

ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பாலுக்கு, அதாவது முட்டை வடிவப் பந்தைக் கையாலும் காலாலும் ஆடுகிற ஆட்டத்துக்கு, நம் பக்கத்தில் ஒரு அணி சேர்த்துவிட்டால், பையன்கள் கேட்கிற முதல் கேள்வி, "சார், எத்தனை மாட்ச் ஜெயிப்போம்?" என்பதுதான். ஜெயிப்பதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். முதல் மாட்சுக்கு வந்து நின்ற பையன் கடைசி மாட்சுக்கும் வந்து நிற்க வேண்டும், முதல் சீசனில் அதுதான் வேலை. வள்ளியூர்ப் பக்கம் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கபடிதான் என் ஆட்டம். மெல்பர்னில் இருக்கும் அக்கா மகன் லீவுக்கு வந்தபோது காற்று இறக்கிய பந்துகளைப் பெட்டியில் கொண்டுவந்தான், அதிலிருந்து இந்தக் கிறுக்கு பிடித்தது.

தோல்விக்கு முதலிலேயே மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். கோடிகளைக் கொட்டி ஆரம்பித்த கிளப்புகளே வாங்கிக் கட்டிக்கொண்டவைதான். கோல்ட் கோஸ்ட் சன்ஸ் 2011-இல் ஆஸ்திரேலியாவின் பெரிய லீக்கான ஏஎஃப்எல்-லில் நுழைந்தது. கேரி ஆப்லெட் மாதிரி பெரிய ஆட்டக்காரர் கேப்டன். முதல் மாட்சில் கார்ல்டனிடம் 119 பாயின்ட் வித்தியாசத்தில் தோற்றார்கள். அந்த சீசன் முழுக்க ஜெயித்தது மூன்றே மாட்ச், இடம் கடைசி. அடுத்த வருஷம் வந்த கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி ஜெயன்ட்ஸ் ஜெயித்தது இரண்டு. அதில் ஒன்று கோல்ட் கோஸ்டையே தோற்கடித்தது. இதே ஜெயன்ட்ஸ் 2019-இல் கிராண்ட் ஃபைனல் வரை போனார்கள். அடிலெய்டு மட்டும் 1991-இல் தன் முதல் மாட்சிலேயே ஹாதோர்னை 86 பாயின்டில் அடித்தது. அந்த ஹாதோர்ன்தான் அந்த வருஷ சாம்பியன். அப்படியும் நடக்கும். ஆனால் அதை நம்பி ஊரில் சவால் விட வேண்டாம்.

முறையான ஆட்டத்தில் பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். நமக்கு ஒன்பது போதும். ஒன்பது பேர் ஆட்டம் ஆஸ்திரேலியாவிலேயே உண்டு, ஒரு கால்பந்து மைதானம் இருந்தால் ஆடிவிடலாம். அங்கே அதில் டேக்கிள், அதாவது ஆளைப் பிடித்து அமுக்குவது, கிடையாது, தொட்டால் போதும். கபடி ஆடுகிற பையனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பான். நாங்கள் டேக்கிளோடுதான் ஆடுகிறோம். எதிரணிக்கு எங்கேயும் அலைய வேண்டியதில்லை. வள்ளியூர், பணகுடி, களக்காடு என்று மூன்று ஊரில் மூன்று அணி சேர்த்து, ஒவ்வொன்றும் மற்ற இரண்டோடு இரண்டு முறை ஆடினால் மொத்தம் ஆறு மாட்ச். முதல் வருஷத்துக்கு அது தாராளம்.

எந்த மாதத்தில் வைப்பது என்பதில்தான் பல கிளப் படுத்துவிடும். ஆஸ்திரேலியாவில் மார்ச்சில் ஆரம்பித்து செப்டம்பர் கடைசியில் முடிப்பார்கள். நாம் அதைப் பார்த்துப் போட்டால் சித்திரை வெயிலும் கோவில் கொடையும் சேர்ந்து வந்து நிற்கும். கொடை என்றால் சென்னையில் இருப்பவனே ஊருக்கு ஓடி வருவான். ஊரில் இருப்பவன் மைதானத்துக்கா வருவான்? ஆடி அமாவாசைக்குப் பாதிப் பேர் காரையார் சொரிமுத்தையன் கோவிலில் இருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆகவே பயிற்சி ஆனி, ஆடியில். மாட்ச் பொங்கல் கழிந்து பங்குனி உத்திரத்துக்குள். உத்திரத்தன்று எவனும் குலதெய்வ சாஸ்தாவை விட்டு வரமாட்டான், அன்றைக்கு ஃபைனல் வைக்காதீர்கள். உவரியில் தைப்பூசமும் அந்தோணியார் கோவில் திருவிழாவும் இந்த இடைவெளிக்குள்தான் வரும், அந்த ஞாயிறுகளை அட்டவணையிலிருந்து முதலிலேயே அடித்துவிடுங்கள். நோன்பு மாதமும் இந்த வருஷங்களில் மாசி, பங்குனியை ஒட்டி வருகிறது. ஏர்வாடிப் பையன்கள் அணியில் இருந்தால் அந்த வாரங்களில் சஹர் முடித்த கையோடு காலை ஆறரைக்கே விசில் ஊதிவிடுங்கள். ப்ளஸ் டூ படிக்கிறவனை அணியில் சேர்த்தால் மார்ச்சில் அவன் அம்மா உங்கள் வீட்டு வாசலுக்கு வருவார், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஆளெடுப்பு. நம் பக்கத்தில் கபடிக்கு ஆள் பஞ்சமே இல்லை. பயம் இல்லாத உடம்பு, கீழே விழுந்து எழத் தெரிந்த உடம்பு. ஆனால் கபடியில் பிடிக்காரனுக்குக் கைதட்டு வாங்கித் தருகிற கணுக்கால் பிடி, இங்கே ஃப்ரீ கிக்கில், அதாவது எதிரணிக்குத் தடையில்லாத ஒரு உதையில், முடியும். டேக்கிள் தோளுக்குக் கீழே, முட்டிக்கு மேலே. முதுகில் தள்ளவும் கூடாது. இன்னொரு பழக்கமும் போக வேண்டும். கபடியில் விசில் வரும்வரை விடாமல் அமுக்குவோம். இங்கே அவன் பந்தை விட்ட கணமே நீங்களும் அவனை விட்டுவிட வேண்டும், பந்து இல்லாதவனைப் பிடித்து வைத்தால் அதுவும் ஃப்ரீ கிக். முதல் மாதம் முழுக்க இதையே பழக்குங்கள். முட்டிக்குக் கீழே ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டிவிட்டு, ரிப்பன் பக்கம் கை போனால் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும் என்று வைத்தால் தானாகத் திருந்தும்.

வாலிபால் பையன்களை விடாதீர்கள். நடுவில் அம்பயர் பந்தை மேலே எழுப்பும்போது எம்பித் தட்டிவிட, நெட்டில் ஸ்மாஷ் அடித்துப் பழகியவனைவிடப் பொருத்தமானவன் கிடைக்கமாட்டான். மார்க் பிடிப்பதற்கும் அவன்தான். குறைந்தது 15 மீட்டர் பறந்து வரும் கிக்கை யாரும் தொடும் முன் கையில் பிடித்துவிட்டால் ஆட்டம் நிற்கும், நிதானமாக உதைக்கலாம். கால்பந்துக்காரர்கள் நன்றாக ஓடுவார்கள், ஆனால் பந்து கைக்கு வந்ததும் என்ன செய்வது என்று முழிப்பார்கள். அவர்களுக்கு ஹேண்ட்பாலை முதலில் சொல்லிக்கொடுங்கள்: ஒரு உள்ளங்கையில் பந்து, மறு கை முஷ்டியால் குத்து. எறியக் கூடாது.

கிக்கில் ட்ராப் பண்ட் ஒன்றே போதும். பந்தின் ஒரு முனை தரையைப் பார்க்கும்படி பிடித்து, மேலே தூக்கிப் போடாமல் நேராகக் கீழே விட்டு, பாதத்தின் மேற்புறத்தால் உதைக்க வேண்டும். சரியாக உதைத்தால் பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே போகும். பத்தில் ஒன்பது தப்பு கையில்தான் நடக்கும், காலைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

ஆனி, ஆடியில் பயிற்சி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பணகுடிப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அந்த மேல்காற்றில் உயரமாக உதைத்த பந்து திரும்ப உங்கள் தலைக்கே வரும். அதனால் பையன்கள் தாழ உதைக்கவும் ஹேண்ட்பால் போடவும் தாமாகவே கற்றுக்கொள்வார்கள். தை மாதத்தில் காற்று அடங்கியதும் அதே கால் வேறு கால் ஆகிவிடும். ஒரு மாட்சுக்கு நான்கு குவார்ட்டர், குவார்ட்டருக்குக் குவார்ட்டர் பக்கம் மாறும். அதனால் டாஸில் ஜெயித்தால் முதலில் காற்றோடு ஆடுங்கள். புது அணிக்கு ஆரம்பத்திலேயே ஒரு கோல் விழுந்தால்தான் தெம்பு வரும்.

ஆனி, ஆடிப் பயிற்சிக்கு வறண்ட குளத்துப் பொட்டல்தான் வசதி. முந்தின நாள் எல்லோரும் வரிசையாக நடந்து உடைமுள் பொறுக்க வேண்டும், இதில் கேப்டனுக்கும் விலக்கு கிடையாது. பந்தோடு ஓடுகிறவன் 15 மீட்டருக்கு ஒரு தரம் அதைத் தரையில் தட்ட வேண்டும். வண்டல் வெடிப்பில் தட்டினால் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று சாமிக்கே தெரியாது. குனிந்து தரையில் தொட்டு எடுத்தாலும் விதிப்படி சரிதான், அதையே பழக்குங்கள். தோல் பந்தை மாட்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பொட்டல் மண் அதைத் தின்றுவிடும்.

தை மாதம் குளம் நிறைந்து நிற்கும், மாட்சுக்குப் பள்ளிக்கூட மைதானந்தான். தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கோல் கம்பங்களுக்குப் பந்தல்காரரிடம் சவுக்குக் கம்பு வாடகைக்குக் கிடைக்கும். ஒரு பக்கத்துக்கு நான்கு, கம்பத்துக்குக் கம்பம் 6.4 மீட்டர், அதாவது 21 அடி. நடு இரண்டும் குறைந்தது 6 மீட்டர் உயரம், ஓரத்து இரண்டும் 3 மீட்டர். அடியில் பழைய மெத்தையைச் சுற்றிக் கட்டுங்கள். வெந்நீரில் போட்டுக் கடித்துப் பல் அச்சு எடுக்கிற மவுத்கார்டு இல்லாதவனைக் களத்தில் இறக்காதீர்கள்.

அம்பயரிங்குக்கு முட்டி போன பழைய கபடி ரெஃப்ரிகளைக் கூப்பிடுங்கள், விசிலுக்குப் பயப்படாதவர்கள் அவர்கள்தான். ஸ்கோர் எழுதுகிறவனுக்கு ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். நடு இரண்டு கம்பத்துக்கிடையே உதைத்தது யார் மேலும் படாமல் போனால் கோல், 6 பாயின்ட். நடுக் கம்பத்துக்கும் ஓரக் கம்பத்துக்கும் இடையே போனாலோ நடுக் கம்பத்தில் பட்டாலோ பிஹைண்ட், 1 பாயின்ட். ஐந்து கோல், நான்கு பிஹைண்ட் என்றால் 5.4 (34) என்று எழுதுவது வழக்கம். கோல் அம்பயர் கோலுக்கு இரண்டு கொடி, பிஹைண்டுக்கு ஒரு கொடி அசைப்பார். சின்னப் பையன்கள் இந்த வேலைக்கு அடித்துக்கொள்வார்கள்.

அப்புறம், ஒவ்வொரு குவார்ட்டருக்கும் வித்தியாசத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள். முதல் மாட்சின் நான்காவது குவார்ட்டரில் எவ்வளவு வாங்கினோம், கடைசி மாட்சில் எவ்வளவு? மொத்த ஸ்கோரை விட்டுவிட்டு, இந்த எண்ணைப் பையன்களிடம் சொல்லுங்கள். மூச்சு வாங்கிக் கால் தளர்கிற குவார்ட்டர் அது. அங்கே குறைந்திருந்தால் பயிற்சி வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். பெரிய தோல்விக்கு அப்புறம் மைதானத்திலேயே நின்று லெக்சர் அடிக்காதீர்கள். இடைவேளைக்கு உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, முடிந்ததும் பரோட்டா சால்னா. பேச்சு செவ்வாய்க்கிழமை பயிற்சியில்.

காகித வேலை கொஞ்சம்தான். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும். பதிவானால் வங்கிக் கணக்கு தொடங்கலாம், நன்கொடை கேட்கலாம். ஏழு பேரும் சொந்தக்காரர்களாக இருந்தால் அடுத்த கல்யாணத்துச் சண்டையில் கிளப்பும் போய்விடும். பணம் வசூலிக்கிறவன் ஒருவன், கணக்கு எழுதுகிறவன் இன்னொருவன் என்று பிரித்துவிடுங்கள். அந்த இரண்டு பேரும் ஒரே தெருக்காரர்களாக இருக்க வேண்டாம்.