முன்பக்கம் ராகி, பின்பக்கம் மைதா

சென்ற மாதம் ஒரு ராகி பிஸ்கட் பாக்கெட் வாங்கினேன். முன்பக்கத்தில் தலைசாய்ந்த கேழ்வரகுக் கதிர், கொட்டை எழுத்தில் 'பாரம்பரியம்'. வீட்டுக்கு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். மைதா, சீனி, பாமாயில், அதற்குப் பிறகுதான் ராகி மாவு. எடையில் அதிகமான பொருளைப் பட்டியலில் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. ஆக, நான் வாங்கி வந்தது ராகி வாசனை காட்டிய மைதா பிஸ்கட்.

இயற்கை உணவுக்கு மாற நினைப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். பழுப்பாக இருக்கிறதே என்று கோதுமை பிரெட் வாங்குகிறோம். பட்டியலில் 150ஏ, 150டி போன்ற எண் இருந்தால் அது கேரமல் நிறமி. 'நூறு சதவீதப் பழச்சாறு' என்ற வாசகத்தை நம்பிக் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கிறோம். அடர்சாற்றில் தண்ணீர் கலந்து தயாரிப்பவற்றின் மேல் அப்படிப் போடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே 2024 ஜூனில் உத்தரவிட வேண்டியிருந்தது. பழத்தைக் கழுவிக் கடித்துத் தின்பதற்கு எந்த உத்தரவும் வேண்டியதில்லை.

சிறுதானியத்தில் ஏமாறுவது இன்னும் நுட்பமானது. ஐ.நா. 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு மளிகைக் கடைதோறும் வரகும் சாமையும் வந்துவிட்டன. தினை, சாமை, வரகு, குதிரைவாலி ஆகியவற்றுக்கு மேலே உமி உண்டு. அதை நீக்காமல் உண்ண முடியாது. ஆனால் பல ஆலைகள் அதோடு நிற்பதில்லை. மேலும் தீட்டித் தவிட்டையும் எடுத்துவிடுகின்றன. தவிட்டில் எண்ணெய்ப் பசை இருப்பதால் தானியம் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். போதாக்குறைக்கு, வெள்ளையாக இருந்தால்தான் வாங்குபவர்களுக்கும் பிடிக்கிறது. நார்ச்சத்தில் பெரும்பகுதி போவது அந்தத் தவிட்டோடுதான். சாமை வெள்ளை வெளேரென்று மின்னினால் நான் வாங்குவதில்லை. மங்கிய நிறத்தில் இருப்பதைத்தான் கேட்டு வாங்குகிறேன். கேழ்வரகிலும் கம்பிலும் இந்த வம்பு குறைவு. முழுத் தானியமாக வாங்கி, வெயிலில் காயவைத்து, மாவு மில்லில் கண்ணெதிரே அரைத்துக்கொள்ளலாம்.

வெல்லத்துக்கு வருவோம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்டுக்கொண்டே, "சீனி தொடுவதே இல்லை" என்று கருப்பட்டிக் காபியை இரண்டு டம்ளர் குடிப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எல்லாவற்றிலும் பெரும்பங்கு இருப்பது சீனியில் உள்ள அதே சுக்ரோஸ். இரும்புச்சத்து கொஞ்சம் உண்டுதான். காபிக்குப் போடும் ஒரு கரண்டியில் அது எவ்வளவு வந்துவிடப் போகிறது? வாங்குவதாக இருந்தால் பளீர் மஞ்சள் வெல்லத்தைத் தவிருங்கள். நிறம் வெளுக்க 'ஹைட்ரோஸ்' என்ற ரசாயனம் சேர்ப்பது உண்டு. கருத்த வெல்லம் அழகாக இருக்காது, அவ்வளவுதான். செக்கு எண்ணெய்க்கும் ஒரு வார்த்தை: அதிலும் கிராமுக்கு 9 கலோரிதான். மரச்செக்கில் ஆட்டியது என்பதற்காக வடைச்சட்டியை அடிக்கடி ஏற்றக்கூடாது.

இதற்கு நேர்மாறான தவறும் இருக்கிறது: பக்குவப்படுத்திய எதுவும் நஞ்சு என்று பயப்படுவது. தயிர் பக்குவப்படுத்தியதுதான், புளித்த இட்லி மாவும் அப்படியே. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்குகிறது. பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி மேல் என்பது அதனால்தான். பிரேசிலின் ஊட்டச்சத்து ஆய்வாளர் கார்லோஸ் மொன்டெய்ரோ 2009-இல் முன்வைத்த 'நோவா' வகைப்பாடும் உணவை நான்காகப் பிரித்து, கடைசி வகையைத்தான் சந்தேகிக்கிறது. வீட்டு அடுக்களையில் இல்லாத பொருள்களைக் கொண்டு ஆலையில் உருவாக்கும் பண்டங்கள் அந்த வகை. 2019-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 20 பேரை வைத்துச் சோதித்தபோது, அத்தகைய உணவு கொடுத்த இரண்டு வாரங்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். யாரும் வற்புறுத்தவில்லை, தட்டில் இருந்ததை வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டதற்கே இப்படி.

உப்பில் இந்தப் பயம் நேரடியாகவே தீங்கு செய்கிறது. தூளுப்பு செயற்கை என்று ஒதுக்கிவிட்டு வீடு முழுக்க இந்துப்புக்கு மாறுகிறார்கள். இந்துப்பில் இயல்பாக அயோடின் மிகக் குறைவு. அயோடின் குறைந்தால் கழுத்தில் தைராய்டு வீங்கும். கர்ப்பிணிக்குக் குறைந்தால் வயிற்றிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். உப்பு பாக்கெட்டில் மட்டும் 'அயோடின் சேர்த்தது' என்று இருக்கிறதா என்று தேடிப் பார்த்து வாங்குங்கள்.