ஜெர்மனியில் சைக்கிளில் டூட்டிக்குப் போகப்போகும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

நர்ஸிங் முடித்து, நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஜெர்மன் படித்து, விசா கையில் வாங்கியவர்களிடம் நான் முதலில் கேட்பது சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்றுதான். காலை ஷிப்ட் ஆறு மணிவாக்கில் தொடங்கிவிடும், சின்ன ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு பஸ்ஸை நம்ப முடியாது.

அங்கே வலது பக்கம்தான் போக வேண்டும். நேரான ரோட்டில் இது ஒரு சிரமமே இல்லை, முன்னால் போகிற வண்டியைப் பார்த்தே போய்விடலாம். ஆபத்து வருவது ஆளே இல்லாத விடியற்காலையில் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குத் திரும்பும்போது, பழக்கத்தில் சைக்கிள் தானாக இடது ஓரத்துக்குப் போய்விடும். வலப்பக்கம் திரும்பினால் ஓரத்தை ஒட்டியே திரும்பணும், இடப்பக்கம் என்றால் சுற்றி வளைத்துத் திரும்பணும், இதை முதல் சில வாரம் வாய்விட்டே சொல்லிக்கொள்ளுங்கள். ரோட்டைக் கடக்கும்போது முதலில் இடது பக்கம் பாருங்கள், நமக்குப் பக்கத்து வண்டி அங்கிருந்துதான் வரும்.

இதைவிட முக்கியமானது யார் முதலில் போவது என்பது. நாகர்கோவில் வடசேரியில் நாம் ஆள் முகத்தைப் பார்த்து, ஹாரனுக்கு ஒதுங்கி, இடைவெளி கிடைத்தால் நுழைந்து போகிறோம். அங்கே சிக்னலோ போர்டோ இல்லாத சந்திப்பில் வலதிலிருந்து வருகிறவருக்குத்தான் முதல் வழி, அவர் வருவது சின்னத் தெருவாக இருந்தாலும் சரி. நீங்கள் நிற்பீர்கள் என்று நம்பித்தான் அவர் வருவார். அதேபோல உங்கள் முறை வரும்போது பயந்து பாதி ரோட்டில் நின்றுவிடாதீர்கள், போய்விடுங்கள். லாரி மட்டும் விதிவிலக்கு: வலப்பக்கம் திரும்பப்போகும் லாரியின் பக்கவாட்டில், உங்களுக்குப் பச்சை விளக்கே எரிந்தாலும், நிற்கவே கூடாது. டிரைவருக்கு உங்களைத் தெரியாமல் போகலாம்.

திரும்புமுன் கை காட்டியே ஆக வேண்டும். அதனால் ஊரில் இருக்கும்போதே ஏதாவது பள்ளி மைதானத்தில் ஒரு கையை நீட்டிக்கொண்டு, தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்துக்கொண்டு, சைக்கிள் வளையாமல் ஓட்டிப் பழகுங்கள். வலது பக்கம் ஓட்டிப் பழகுகிறேன் என்று நம்ம ரோட்டில் மட்டும் இறங்கிவிட வேண்டாம்.

அங்கே பழைய சைக்கிள் வாங்கினால் பெடலைப் பின்னால் மிதித்துப் பாருங்கள், பல வண்டிகளில் அதுவே பிரேக். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். நீல வட்டத்தில் வெள்ளைச் சைக்கிள் போட்ட போர்டு இருந்தால் அந்தப் பாதையில்தான் போகணும், நடைபாதையில் பெரியவர்கள் ஓட்டக் கூடாது. போனைக் கையில் பிடித்து ஓட்டினால் 55 யூரோ அபராதம், சிவப்பில் போனால் குறைந்தது 60. டிராம் தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டித்தான் கடக்கணும், சாய்வாகப் போனால் டயர் உள்ளே இறங்கி ஆளைத் தள்ளிவிடும்.

ரோட்டில் பனி உறைந்திருக்கும் காலையில் சைக்கிளை எடுக்காதீர்கள். எப்படியோ வேலைக்குப் போகிற வழியில் விழுந்துவிட்டால், அதை டாக்டரிடமும் வேலை இடத்திலும் உடனே சொல்லிவிடுங்கள், அந்த விபத்தும் வேலை விபத்துக் காப்பீட்டில்தான் வரும்.