எம்கேடாக்ஸ் வைத்து ஆவணத் தளம் போடுவதும், அதைப் பழசாக விடாமல் பார்த்துக்கொள்வதும்

நீங்கள் எழுதிய பைத்தான் லைப்ரரியோ சின்ன கருவியோ கிட்ஹப்பில் இருக்கிறது, அதன் ரீட்மீ கோப்பு நீண்டுகொண்டே போய் இப்போது யாரும் அதில் எதையும் தேடி எடுக்க முடியவில்லை என்றால், தனியாக ஒரு ஆவணத் தளம் போட்டுவிடுங்கள். தளம் போடுவது ஒரு மதியத்தில் முடிகிற வேலை. ஆறு மாதம் கழித்தும் அதில் எழுதியிருப்பது உண்மையாக இருக்க வேண்டுமே, அதுதான் கஷ்டம். அதனால் கட்டும் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு, பராமரிப்பைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

எந்தக் கருவி? பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காகவே 2008இல் வந்த ஸ்ஃபிங்க்ஸ் பெரிய புராஜெக்ட்டுகளுக்கு அருமையானது, ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதன் எழுத்து முறை கொஞ்சம் மிரட்டும். எம்கேடாக்ஸ் (mkdocs) எளிது. டாம் கிறிஸ்டி 2014இல் வெளியிட்டது, ரீட்மீ எழுதும் மார்க்டவுன் குறியீட்டு முறை தெரிந்தால் போதும். இங்கே அதையே எடுத்துக்கொள்வோம்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் தட்டுங்கள்.

படி 1: நிறுவுதல்

உங்கள் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் ஒரு வர்ச்சுவல் என்விரான்மென்ட் (இந்த புராஜெக்ட்டுக்கு மட்டுமான தனி பைத்தான் சூழல்) உருவாக்கி, அதை இயக்கிவிட்டு, "பிப் இன்ஸ்டால் எம்கேடாக்ஸ்-மெட்டீரியல்" (pip install mkdocs-material) என்று கொடுங்கள். மெட்டீரியல் என்பது தீம்தான், ஆனால் எம்கேடாக்ஸும் அதோடு சேர்ந்தே வந்துவிடும். அப்புறம் "எம்கேடாக்ஸ் நியூ", ஒரு இடைவெளி, ஒரு புள்ளி. புள்ளி என்றால் இப்போது நிற்கும் ஃபோல்டரிலேயே என்று பொருள். இரண்டு விஷயங்கள் உருவாகும்: அமைப்புகளுக்கான எம்கேடாக்ஸ்.ஒய்எம்எல் (mkdocs.yml) கோப்பு, டாக்ஸ் என்ற ஃபோல்டர். டாக்ஸுக்குள் இருக்கும் இண்டெக்ஸ்.எம்டிதான் முகப்புப் பக்கம்.

படி 2: ஓடவிட்டுப் பார்த்தல்

"எம்கேடாக்ஸ் சர்வ்" கொடுத்துவிட்டு பிரவுசரில் 127.0.0.1:8000 என்ற முகவரிக்குப் போங்கள். கோப்பைத் திருத்திச் சேமித்தால் பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். ஒய்எம்எல் கோப்பில் தளத்தின் பெயர், தீம், பக்கங்களின் வரிசை மூன்றையும் எழுதுங்கள். அங்கே டேப் விசை வேண்டாம், இடைவெளி விசை மட்டும்தான், முக்காற்புள்ளிக்குப் பிறகு ஒரு இடைவெளி கட்டாயம். முதல் நாள் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்துதான் வரும்.

படி 3: எழுதுதல்

முகப்புப் பக்கத்தில் இது என்ன, யாருக்கு, எப்படி நிறுவுவது, ஓடக்கூடிய மிகச் சிறிய உதாரணம் ஒன்று, அவ்வளவு போதும். மற்றதற்கு டானியேலே ப்ரோசிடா வகுத்த டயாடாக்சிஸ் என்ற முறையைப் பாருங்கள். ஆவணங்களை நான்காகப் பிரிக்கச் சொல்கிறார்: கைபிடித்துக் கற்றுத்தரும் பாடம், ஒரு குறிப்பிட்ட வேலையை முடிக்க வழி, ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் உரிய விவரக் குறிப்பு, ஏன் இப்படி வடிவமைத்தோம் என்ற விளக்கம். நான்கையும் ஒரே பக்கத்தில் போட்டுக் குழப்புவதால்தான் பல தளங்களில் எல்லாம் இருந்தும் தேடியது கிடைப்பதில்லை. அதற்காக நான்கு காலி ஃபோல்டர்களை முதலிலேயே உருவாக்கி வைக்காதீர்கள். ஒரு நல்ல பாடமும் விவரக் குறிப்பும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

படி 4: வெளியிடுதல்

"எம்கேடாக்ஸ் ஜிஎச்-டிப்ளாய்" (mkdocs gh-deploy) என்ற ஒரே கட்டளை தளத்தைக் கட்டி, ஜிஎச்-பேஜஸ் என்ற பிராஞ்சில் ஏற்றிவிடும். கிட்ஹப் ரெப்போவின் செட்டிங்ஸில் பேஜஸ் பகுதிக்குப் போய் அந்த பிராஞ்ச் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். சொந்த டொமைன் வைத்திருந்தால் அதன் பெயரை எழுதிய சிநேம் (CNAME) கோப்பை டாக்ஸ் ஃபோல்டருக்குள் போடுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை வெளியிடும்போது அது அழிந்து போகும்.

படி 5: பழசாகாமல் பார்த்துக்கொள்வது

ஆவணம் பழசாவதற்கு முக்கியமான காரணம் அது நிரல் கோட் இருக்கும் இடத்தை விட்டுத் தள்ளி இருப்பது. கோட் ஒரு ரெப்போவில், ஆவணம் வேறொரு விக்கியில் என்றால் இரண்டும் ஒருநாள் பிரிந்துபோகும். டாக்ஸ் ஃபோல்டர் கோட் இருக்கும் அதே ரெப்போவில் இருக்கட்டும். ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றும் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி வரும் கோரிக்கை), அதைப் பற்றிய பக்கத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். "ஆவணத்தை அப்புறம் எழுதுகிறேன்" என்று வருவதை மெர்ஜ் செய்யாதீர்கள். கறாராகத் தெரியும், ஆனால் அந்த அப்புறம் வருவதே இல்லை.

மீதியை இயந்திரத்திடம் விடலாம். கிட்ஹப்பில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதியான கிட்ஹப் ஆக்ஷன்ஸில் இரண்டு வேலைகளை அமைத்துக்கொள்ளுங்கள். மெயின் பிராஞ்சில் எது சேர்ந்தாலும் தளம் தானாக வெளியாக வேண்டும், அது ஒன்று. ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டிலும் தளத்தைக் கட்டும் "எம்கேடாக்ஸ் பில்ட்" கட்டளையை ஸ்ட்ரிக்ட் (--strict) என்ற தேர்வோடு ஓட்ட வேண்டும், அது இன்னொன்று. சாதாரணமாக, இல்லாத பக்கத்துக்கு லிங்க் கொடுத்திருந்தால் எம்கேடாக்ஸ் ஒரு எச்சரிக்கை காட்டிவிட்டுப் போய்விடும், ஸ்ட்ரிக்ட் போட்டால் பில்டே தோற்றுவிடும், அதனால் உடைந்த லிங்க் உள்ளே நுழைய முடியாது. வெளித்தளங்களுக்குப் போகும் லிங்க்குகளை இது பார்க்காது, அதற்கு லைச்சி என்ற கருவி இருக்கிறது. கருவிகளின் பதிப்பு எண்களை ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பில் குறித்து வையுங்கள், அப்போதுதான் தீம் மாறி ஒருநாள் திடீரென்று பில்ட் உடையாது.

உதாரணமாகத் தரும் நிரல்தான் ரொம்ப முக்கியம், ஏனென்றால் படிக்கிறவர் முதலில் அதைத்தான் நகல் எடுத்து ஓட்டிப் பார்ப்பார். அது ஓடவில்லை என்றால் மற்ற பக்கங்களையும் நம்பமாட்டார். ஃபாஸ்ட்ஏபிஐ என்ற பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கின் ரெப்போவைத் திறந்து பாருங்கள்: ஆவணத்தில் வரும் கோட் எல்லாம் தனி ஃபோல்டரில் உண்மையான பைத்தான் கோப்புகளாக இருக்கிறது, அதற்கு டெஸ்ட்டும் எழுதியிருக்கிறார்கள். நீங்களும் செய்யலாம். மெட்டீரியலோடு வரும் பைஎம்டவுன் தொகுப்பில் ஸ்னிப்பெட்ஸ் என்ற வசதி இருக்கிறது, அதை ஒய்எம்எல் கோப்பில் இயக்கிவிட்டால் பக்கத்தில் ஸ்னிப்பெட்ஸ் குறியோடு கோப்பின் பெயரை எழுதினால் போதும், கோட் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். டெஸ்ட் உடைந்தால் ஆவணமும் தவறு என்று உங்களுக்கு அன்றைக்கே தெரியும்.

பக்கத்தின் பெயரை மாற்றினால் பழைய முகவரியைச் சாகவிடாதீர்கள். எங்கோ ஒருவர் அதற்கு லிங்க் கொடுத்திருப்பார். எம்கேடாக்ஸ்-ரீடைரக்ட்ஸ் என்ற பிளகினில் பழைய கோப்பு, புதிய கோப்பு என்று ஒரு வரி எழுதினால் போதும்.

பல பதிப்புகளுக்கு ஆவணம் வைத்திருக்க மைக் என்ற கருவி உண்டு. ஆனால் உங்கள் புராஜெக்ட் இன்னும் 1.0 தொடவில்லை என்றால் அது இப்போது வேண்டாம், இரண்டு பதிப்புகளைப் பார்த்துக்கொள்வது இரட்டை வேலை. பழைய பதிப்பை நம்பி நிஜமாகவே ஆட்கள் இருக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னாலும், இந்த புராஜெக்ட்டைப் பார்த்தே இராத ஒருவரை உட்காரவைத்து, புதிய என்விரான்மென்ட்டில் நிறுவும் பக்கத்தை வரி வரியாகச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து வாயைத் திறக்காமல் பாருங்கள். அவர் எந்த வரியில் நிற்கிறாரோ அந்த வரியை அன்றைக்கே திருத்திவிட்டு, அப்புறம் வெளியிடுங்கள்.